குழி தோண்டுமுன் கவனிக்க: நிலத்தடிக் குழாய்களும் கேபிள்களும்

வேலிக்கு நாலு கல் ஊன்ற வேண்டும், இதற்குப் போய் யாரைக் கேட்பது என்று கடப்பாரையை எடுத்துவிடுவதுதான் முதல் தவறு. காஸ் குழாயும் மின் கேபிளும் ஆழத்தில்தானே கிடக்கும் என்ற நம்பிக்கை. பதிக்கும்போது ஆழமாகவே பதித்திருப்பார்கள். அப்புறம் மழை மண்ணை அரித்திருக்கும், மேட்டை யாராவது வெட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். இன்று அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பழைய வரைபடம் சொல்லாது.

கேட்பதற்கு வழி ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால், குழாயும் கேபிளும் போகும் தடத்தைத் தரையில் வண்ணத்தால் குறித்துத் தருகிறார்கள்: மின்சாரம் சிவப்பு, காஸ் மஞ்சள், குடிநீர் நீலம். இந்தியாவில் தோண்டும் நிறுவனங்களையும் கேபிள், குழாய் உரிமையாளர்களையும் இணைக்க 2023-ல் ஒரு செயலி வந்தது. இப்படி எதுவும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு துறையையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். அலைச்சல்தான், வேறு வழியில்லை.

குறி போட்டாயிற்று என்று அதன் ஓரத்திலேயே ஜேசிபியை இறக்குவது அடுத்த தவறு. அந்தக் கோடு உத்தேசமானது. அதன் இருபுறமும் சுமார் இரண்டடிக்கு இயந்திரம் வேண்டாம், கையால் பதமாகத் தோண்டுங்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரரே தோட்டத்து விளக்குக்கு இழுத்த வயர் எந்தக் குறியிலும் வராது. அதை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் மோசமாகத் தெரிவது வேறொன்று. மண்வெட்டி குழாயில் லேசாகப் பட்டிருக்கும். கசிவு இல்லையே என்று மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். திட்டு விழுமே, செலவு நம் தலையில் விழுமே என்ற பயம். இரும்புக் குழாயின் மேல்பூச்சு உரிந்தாலே போதும், அங்கே துரு பிடித்துப் பிறகு எப்போதாவது ஓட்டை விழும். குழாயை இழுத்துவிட்டாலோ சற்றுத் தூரத்தில் உள்ள இணைப்பு கழன்றிருக்கலாம். ஆகவே கீறலானாலும் குழியைத் திறந்தே வைத்துத் தகவல் சொல்லுங்கள்.

காஸ் வாடை வந்தால் துணியைச் சுற்றி அடைக்கப் பார்க்காதீர்கள். சுவிட்ச், நெருப்பு எதையும் தொடாமல் எல்லோரும் விலகிப் போய், தூரத்திலிருந்து போன் செய்யுங்கள்.

கீழேயே பார்த்து வேலை செய்பவர்கள் தலைக்கு மேலே போகும் கம்பியை மறந்துவிடுவார்கள். ஜேசிபியின் கை அதில் பட்டால் ஓட்டுநர் பதறி இறங்கக் கூடாது, மற்றவர்கள் கிட்டே போகவும் கூடாது. மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தூக்காமல் நகர்த்தி நகர்த்தி விலக வேண்டும். கால்களை அகட்டி வைத்தால் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபட்டு, மின்சாரம் உடம்பு வழியே பாயும்.

விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துபவர்கள் இதையெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்ததாரரிடம் சொல்கிறார்கள். கடப்பாரை பிடிப்பவரோ அந்தக் கூட்டத்துக்கு வருவதே இல்லை. காலையில் வேலை தொடங்குமுன் அவரைக் கூட்டிப்போய்த் தரையில் உள்ள குறிகளைக் காட்டுங்கள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் அவர் போனில் பதிந்து கொடுங்கள்.