லிப்சோடியம் லைப்ரரிய சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்ணி டெஸ்ட் பண்றது எப்படி

டேனியல் பெர்ன்ஸ்டைன் டீம் எழுதுன என்ஏசிஎல்-ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரிய எடுத்து, லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு, பிரவுசர்னு எல்லா இடத்துலயும் ஓடுற மாதிரி 2013ல ஃப்ராங்க் டெனிஸ் கொண்டு வந்ததுதான் லிப்சோடியம். என்ஏசிஎல்னா உப்பு இல்லையா, அதான் இதுக்கு சோடியம்னு பேரு.

உபுண்டு, டெபியன்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஆப்ட்லயே கிடைக்குதே, ஏன் பில்ட் பண்ணணும்னு கேப்பீங்க. புது வெர்ஷன் வேணும்னாலோ, வேற ப்ராசஸருக்கு வேணும்னாலோ இந்த வழிதான் வசதி.

மொதல்ல டார்பால, அதாவது சோர்ஸ் கோட் மொத்தமும் இருக்குற சுருக்கின ஃபைல இறக்குங்க, கூடவே இருக்குற சிக்னேச்சர் ஃபைலையும் இறக்கி, மினிசைன்ங்கிற டூல வெச்சு ஃபைல் அசல்தானான்னு வெரிஃபை பண்ணுங்க. என்க்ரிப்ஷன் கோடையே செக் பண்ணாம இன்ஸ்டால் பண்ணா மத்ததெல்லாம் வீண். அப்புறம் ஃபோல்டருக்குள்ள போய் கான்ஃபிகர், மேக், மேக் செக், கடைசியா சூடோவோட மேக் இன்ஸ்டால், அவ்ளோதான். இன்ஸ்டால் ஆனப்புறமும் ப்ரோக்ராம் ஓடும்போது ஷேர்டு லைப்ரரி கிடைக்கலன்னு எரர் வந்தா புது லைப்ரரி எங்க இருக்குன்னு சிஸ்டத்துக்கு தெரியப்படுத்துற எல்டிகான்ஃபிக் கமாண்ட ஒரு தடவ ஓட்டுங்க.

இதுல நிறைய பேர் தாண்டிப் போறது மேக் செக்தான், தயவுசெஞ்சு அத தாண்டாதீங்க. டெஸ்ட் ஃபோல்டருக்குள்ள டிஃபால்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஒவ்வொரு சி ஃபைலுக்கும் ஜோடியா, வர வேண்டிய அவுட்புட் எழுதியிருக்குற ஒரு எக்ஸ்ப் ஃபைல் இருக்கும், ப்ரோக்ராம் கக்குற அவுட்புட் அந்த எக்ஸ்ப் ஃபைலோட அப்படியே பொருந்தணும், ஒரு எழுத்து மாறுனாலும் ஃபெயில்தான். கம்பைலர் ஆப்டிமைஸ் பண்றேன்னு எங்கயாவது கணக்க மாத்தி வெச்சிருந்தா இங்கதான் மாட்டும். ஃபெயில்னு வந்தா இன்ஸ்டால் பண்ணாதீங்க, டெஸ்ட் லாக்க படிங்க.

வேகம் பத்தி ஒண்ணு. கான்ஃபிகர்ல எனேபிள்-ஆப்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, உங்க மெஷினோட ப்ராசஸருக்குன்னே கம்பைல் பண்ணும். நான் ஒரு தடவ லேப்டாப்ல அப்படி பண்ணிட்டு அதே ஃபைல பழைய சர்வர்ல கொண்டு போய் வெச்சேன், ஸ்டார்ட் பண்ண உடனே இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு செத்துப்போச்சு, அன்னிக்கு ராத்திரி பூரா அதுலயே போச்சு. சாதாரண பில்டே போதும்ங்க, ஏன்னா லைப்ரரிய தயார் பண்ற சோடியம்-இனிட் ஃபங்ஷன கூப்பிடும்போது அதுவே ப்ராசஸர பாத்து, ஏவிஎக்ஸ்2 மாதிரி வேகமான வசதி இருந்தா அதுக்கான கோட, இல்லன்னா சாதாரண சி கோடன்னு எடுத்துக்கும். அதனால எத கூப்பிடுறதுக்கு முன்னாடியும் சோடியம்-இனிட் கூப்பிடுங்க, மைனஸ் 1 வந்தா அங்கயே நிறுத்திடுங்க.

அடுத்து உங்க பங்குக்கு ரெண்டு டெஸ்ட் எழுதுங்க. ஒண்ணு, ஆர்எஃப்சி 8439ங்கிற இன்டர்நெட் ஆவணத்துல சாச்சா20-பாலி1305ங்கிற என்க்ரிப்ஷன் முறைக்கு ஒரு உதாரணம் குடுத்திருக்காங்க, 114 பைட் மெசேஜ், கீ, நான்ஸ் (ஒரு கீயோட ஒரு தடவ மட்டும் பயன்படுத்துற எண்) எல்லாம் அதுலயே இருக்கு, பேர்ல ஐஇடிஎஃப்னு வர்ற வகை ஃபங்ஷன்ல குடுத்தா, மெசேஜ யாரும் மாத்தலன்னு சரிபாக்குற 16 பைட் டேக்கோட சேர்த்து 130 பைட் வரணும், ஒவ்வொரு பைட்டும் அதுல இருக்குறதோட ஒத்துப்போகணும். ரெண்டு, அந்த 130 பைட்ல ஏதோ ஒரு பைட்ல ஒரே ஒரு பிட்ட மாத்திட்டு டிக்ரிப்ட் பண்ணிப் பாருங்க, மைனஸ் 1தான் வரணும். உங்க கோடு அந்த மைனஸ் 1ஐ கவனிக்காம மேல போச்சுன்னா லைப்ரரி எவ்ளோ நல்லதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

புதுசா எழுதுறவங்க எக்ஸ்சாச்சா20 வகைய எடுத்துக்கோங்க, நான்ஸ் 24 பைட் இருக்கறதால ஒவ்வொரு மெசேஜுக்கும் ரேண்டமா எடுத்தாலே போதும். ஏஇஎஸ்-ஜிசிஎம்ங்கிற இன்னொரு என்க்ரிப்ஷன் முறையும் இருக்கு, ஆனா ப்ராசஸர்லயே அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தாதான் ஓடும், இருக்கான்னு கேக்க தனி ஃபங்ஷன் இருக்கு, கேக்காம தொடாதீங்க.

ஆண்ட்ராய்டுக்கு டிஸ்ட்-பில்ட் ஃபோல்டர்ல ரெடியா ஸ்க்ரிப்ட் இருக்கு. ஆனா அந்த பில்ட உங்க லேப்டாப்ல டெஸ்ட் பண்ண முடியாது, மேல சொன்ன ரெண்டு டெஸ்டையும் ஃபோன்லயே ஓட்டிப் பாத்துட்டு ரிலீஸ் பண்ணுங்க.