பூட்டு இருக்கட்டும், நிலையைப் பாருங்கள்

தச்சு வேலையில் இருக்கிறேன். திருடர்கள் உடைத்த கதவைச் சரிசெய்யக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல நேரம் பூட்டு முழுசாக இருக்கும். பிளந்து கிடப்பது நிலை, அதாவது கதவைச் சுற்றியுள்ள மரச்சட்டம். வாசலில் நின்று அதையே வெறித்துப் பார்ப்பவர்களைக் கண்டால் மனசு கேட்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூட்டின் நாக்கு நுழையும் தகடு நிலையில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விரல் நகம் அளவுதான் என்றால், ஓங்கி உதைத்தால் தகடு பெயர்ந்து வந்துவிடும். 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ வாங்கி மாற்றுங்கள். முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரம் விரிசல் விடும். கீல்களுக்கும் இதையே செய்யுங்கள்.

அப்புறம், கதவைத் திறந்துவைத்துச் சாவியைத் திருப்புங்கள். நாக்கு 25 மில்லிமீட்டராவது வெளியே வர வேண்டும். கதவை மூடிப் பூட்டும்போது சாவி பாதியில் நின்றால் நிலையில் குழி ஆழம் போதவில்லை. உளியால் கொஞ்சம் தோண்டுங்கள். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

வெளிப்பக்கம் திறக்கும் கதவா? கீல் ஊசி வெளியே இருக்கும், தட்டி உருவிவிடலாம். உருவ முடியாத ஊசி வைத்த கீல் போடுங்கள்.

சாவியை மிதியடிக்கு அடியிலோ பூந்தொட்டியிலோ வைக்காதீர்கள். முதலில் தேடுவது அங்கேதான். பின்கதவையும் மறக்காமல் பாருங்கள்.