இறந்தவர் பெயரிலுள்ள காரைப் பெயர் மாற்றுதல்: யாழ்ப்பாணம் செல்வோருக்குச் சில குறிப்புகள்

கீரிமலையில் அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியையை முடித்த கையோடு அப்பாவின் காரையும் அம்மாவின் பெயருக்கு மாற்றிவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணத்துடன் மூன்று கிழமை விடுப்பில் ஊருக்குப் போகிறவர்கள் பலர். அந்த மூன்று கிழமைக்குள் பெயர் மாறுவது அரிது. ஆயினும் எந்தக் கையொப்பம் யாரிடமிருந்து வேண்டும் என்பதை விமானம் ஏறுமுன் அறிந்துகொண்டால், நீங்கள் நேரில் நின்று செய்ய வேண்டிய பங்கையாவது முடித்துவிடலாம்.

முதலில், வாகனப் புத்தகத்தின் (பதிவுச் சான்றிதழின்) எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பும்படி வீட்டிலுள்ளவர்களிடம் கேளுங்கள். அதில் பதிவு உரிமையாளராக இருப்பவர் உங்கள் அப்பாதானா என்று பாருங்கள். விற்றவர் திகதியிடாமல் கையொப்பமிட்டுக் கொடுத்த மாற்றப் படிவத்தை இலாச்சிக்குள் வைத்துவிட்டுப் பத்து வருடம் ஓடித்திரியும் ‘ஓப்பின் பேப்பர்’ வழக்கம் நம்மிடையே பழையது. அப்படியானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் கார் இன்னும் விற்றவருடையதுதான்; அவரோ அவருடைய பிள்ளைகளோ இப்போது எங்கே என்று தேடுவதே உங்கள் முதல் வேலையாகிவிடும். லீசிங்கில் எடுத்த காரானால், பணம் கட்டி முடிந்திருந்தாலும் நிதி நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும்.

அடுத்து, பொனற்றைத் திறந்து, புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி (அடிச்சட்ட) இலக்கத்தையும் காரிலுள்ளவற்றுடன் ஒப்பிடச் சொல்லுங்கள். எங்கள் ஒஸ்ரின் ஏ40 கார் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எஞ்சின் கெட்டு, வேறு எஞ்சின் பூட்டப்பட்ட ஒன்று. அதைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கொழும்புக்குப் போகும் பாதை இருந்ததா என்பது வேறு கதை. கராச்சுக்காரர் துருவைச் சுரண்டி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது செசி இலக்கம் பொருந்தியது, எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை. எஞ்சின் மாற்றத்தைப் பதிவித்த பிறகே பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேச முடிந்தது. அந்தப் பென்சில் தாளை ஊருக்குப் போகுமுன்னரே கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு ஒரு பயணம் மிஞ்சியிருக்கும்.

உரிமை யாருக்கு என்ற கேள்வியில், மூத்த மகன் என்பதற்காகக் கார் உங்களுடையதாகிவிடாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தில், திருமண காலத்தில் உழைத்து வாங்கியது தேடியதேட்டம். மரணசாதனம் (உயில்) எழுதப்படாதவிடத்து அதில் பாதி உயிருடனிருக்கும் துணைக்கும் மீதி இறந்தவரின் உரித்தாளருக்கும் போகும். காணி, வங்கி வைப்பு, கார் எல்லாம் சேர்ந்த மொத்தப் பெறுமதி சட்டம் குறித்த எல்லையைத் தாண்டினால், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் கேட்கும், ரெஸ்ரமென்ரரி என்று எல்லோரும் சொல்லும் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் போட்டு ஆட்சேபனைக்கு அவகாசம் விடுவதால் அதற்கு மாதங்கள் செல்லும். ஆகவே சட்டத்தரணியிடம் காரைப் பற்றி மட்டும் கேளாமல் முழுச் சொத்தையும் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் அங்கே குடியிருக்கப் போவதில்லையென்றால், மற்ற உரித்தாளர்கள் சம்மதிக்க, அம்மாவின் பெயருக்கோ ஊரிலுள்ள சகோதரரின் பெயருக்கோ மாற்றுவதே புத்தி.

அப்பா முன்னர் உங்களுக்கோ தம்பிக்கோ எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) அவர் இறந்த அன்றே செல்லாததாகிவிட்டது. அதைக் காட்டிக் கையொப்பமிடுவது குற்றத்தில் முடியக்கூடும். வெளிநாட்டிலுள்ள உரித்தாளர்கள் தத்தம் பெயரில் புதிய தத்துவம் எழுதி, தாம் வாழும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இலங்கையில் பதிவிக்க வேண்டும். காரின் இலக்கமும், உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிடும் அதிகாரமும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கட்டும்.

பெயர்கள் இன்னொரு தொல்லை. புத்தகத்தில் முதலெழுத்துடன் ஒரு பெயர், மரண அத்தாட்சிப் பத்திரத்தில் முழுப்பெயர், உங்கள் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயர் என்றிருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முடியுங்கள். கிராம சேவகரின் கடிதமும் உடனிருந்தால் கேள்விகள் குறையும்.

கொழும்புக்கு இரவு பஸ் ஏறுமுன், யாழ்ப்பாணக் கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகத்திலுள்ள) மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் உங்கள் கோப்பை அங்கேயே ஏற்பார்களா, நாரஹேன்பிட்டித் தலைமையகத்துக்குத்தான் போக வேண்டுமா என்று கேளுங்கள். தலைமையகமானால், தமிழிலுள்ள பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரதியையும் கொண்டு செல்லுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். ஆனால் வரிசையில் நின்று அதை வாதிடுவதை விட மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் காசு மலிவு. வாசலில் அணுகும் தரகரிடம் மூலப் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இவையெல்லாம் நடக்கும் காலத்தில் காரை வெளியே எடுக்க எண்ணினால், உரிமையாளர் இறந்ததை முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, காப்புறுதி செல்லுமா என்பதற்கும் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். செல்லுபடியான காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் காரை வீதியில் ஓட்டத் தேவையான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது.