அமெரிக்கக் கார்களுக்கு ஏற்ற பணிமனையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் ஃபோர்டு, ஷெவர்லே, டாட்ஜ், ஜீப் போன்ற உள்நாட்டுக் கார்களை வைத்திருப்பவர்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பணிமனையைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வழியில் நின்றுபோன பிறகு நிதானமாக விசாரிக்க நேரம் கிடைக்காது. உள்நாட்டுக் கார்களில் தேர்ந்தவர்கள் என்று பலகை வைப்பது எளிது. உங்கள் எஞ்சின் வழக்கமாக எங்கே தொல்லை கொடுக்கும் என்பதை நீங்கள் சொல்லாமலே மெக்கானிக் அறிந்திருக்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதைச் சோதிக்க, உங்கள் வண்டிக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றிக் கேளுங்கள். 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டிகளின் 5.4 லிட்டர், மூன்று வால்வு எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கின் கீழ்ப்பகுதி கரி படிந்து இறுகிவிடுவதால், கழற்றும்போது பிளக் இரண்டாக உடைந்து ஒரு துண்டு சிலிண்டர் ஹெட்டிலேயே சிக்கிக்கொள்ளும். எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, பிளக்கைத் துளி மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனரை விட்டு ஊறவைத்த பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுப்போம், உடைந்தால் துண்டை எடுக்கத் தனிக் கருவி இருக்கிறது என்று பதில் வந்தால் அவர் அந்த வேலையைச் செய்தவர். உடைந்தால் கூடுதல் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

டாட்ஜ், ஜீப் வண்டிகளில் வரும் கிரைஸ்லரின் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் எஞ்சினிலும் இப்படி ஒன்று உண்டு. எஞ்சினின் நடுப்பள்ளத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கசிந்தால், எண்ணெய் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் அருகே சொட்டும். அனுபவமில்லாதவர் பின்புற ஆயில் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸையே இறக்கச் சொல்வார். அனுபவசாலி முதலில் மேலே டார்ச் அடித்துப் பார்ப்பார்.

அடுத்தது ஸ்கேனர். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஓபிடி-2 என்ற பொதுவான பழுதறியும் அமைப்பு இருப்பதால், செக் எஞ்சின் விளக்கின் குறியீட்டை மலிவான கருவியே படித்துவிடும். ஆனால் குறியீடு சிக்கலின் திசையை மட்டுமே காட்டும். எந்தப் பாகம் பழுது என்பதைச் சோதித்துத்தான் கண்டறிய வேண்டும். ஆகவே அந்தச் சோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கட்டணமே இல்லை என்று சொல்லி, குறியீட்டைப் பார்த்த உடனேயே பாகத்தை மாற்றும் கடைதான் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கும். புதிய வண்டி என்றால், ஃபோர்டின் எஃப்டிஆர்எஸ், ஷெவர்லேவைத் தயாரிக்கும் ஜிஎம்மின் ஜிடிஎஸ் 2, கிரைஸ்லரின் வைடெக் ஆகிய நிறுவன மென்பொருள்களில் உங்களுக்கு உரியது கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சுவரில் மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துத் தரப்படும் ஏஎஸ்இ சான்றிதழ் இருந்தால் எந்தப் பிரிவுக்கானது, எப்போது காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். அதைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாரண்டி முடியாத வண்டியைத் தனியார் பணிமனையில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை, ரசீதுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள். பழுது ரீகாலில், அதாவது குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைப்பதில், வருவதாக இருந்தால், டீலரிடமே இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று சொல்லி வேலையைக் கைவிடும் கடைக்காரரை நம்பலாம்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அதில் கூலி தனியாகவும், பாகங்கள் மோட்டார்கிராஃப்ட் (ஃபோர்டு), ஏசிடெல்கோ (ஜிஎம்), மோபார் (கிரைஸ்லர்) ஆகிய கார் நிறுவனங்களின் சொந்தப் பிராண்டுகளா, வெளித் தயாரிப்புகளா என்பது தனியாகவும் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகம் வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெரிய வேலையைக் கொடுப்பதற்கு முன் ஒரு ஆயில் மாற்றத்தை ஒப்படைத்துப் பார்க்கலாம். ஜிஎம் வண்டி என்றால், அதன் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் டெக்ஸோஸ் தர ஆயில்தான் ஊற்றப்பட்டதா என்பது பில்லிலேயே தெரிந்துவிடும்.