டிஎன்எஸ், மின்னஞ்சல் பழுதுகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய நெட்வொர்க் ஒன்றில் மின்னஞ்சல் நின்றுபோனால், பலரும் உடனே மின்னஞ்சல் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பான லாகைப் படிக்காமல் கோப்பில் கைவைப்பதுதான் முதல் தவறு. லாகில், பெறும் சர்வர் தந்த மறுமொழிக் குறியீடு 4 என்ற எண்ணில் தொடங்கினால் அது தற்காலிகத் தடை. அனுப்பும் சர்வர் தானே மீண்டும் முயலும். 5 என்ற எண்ணில் தொடங்கினால் அது திட்டவட்டமான மறுப்பு. இந்த ஒரு இலக்கமே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்தது, பெயர்களுக்குரிய ஐபி முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் தந்த பதில் யாரிடமிருந்து வந்தது என்று பாராமல் அதை நம்புவது. கணினி காட்டும் பதில் பெரும்பாலும் இடையிலுள்ள ஒரு சர்வரின் கேச்சில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கியிருந்த பழைய பதிலாகவே இருக்கும். ஆகவே ‘டிக்’ கட்டளையால் அந்த டொமைனின் மூலப் பதிவுகளை வைத்திருக்கும் அதிகாரமுள்ள சர்வரையே நேராகக் கேட்டு, பிறகு வழக்கமான சர்வரைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பதில் கேச்சில் தங்கக்கூடிய காலமான டிடிஎல் 86400 வினாடிகள் என்றிருந்தால் பழைய முகவரி ஒரு நாள் முழுவதும் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்து வைப்பது நல்லது. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலும் கேச்சில் தங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவைச் சேர்ப்பதற்கு முன்பே அவசரப்பட்டு அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தவருக்கு, சேர்த்த பிறகும் சிறிது நேரம் ‘இல்லை’ என்றே வரும்.

என் பார்வையில் மிக அதிகமாக அலைக்கழிப்பது வேறொன்று. கணினிகளில் முதல் டிஎன்எஸ் ஆக உள் சர்வரையும், இரண்டாவதாக வெளியுலகப் பொதுச் சர்வர் ஒன்றையும் கொடுத்து வைப்பதுதான் அது. முதலாவது செயலிழந்தால் மட்டுமே இரண்டாவது பயன்படும் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஆனால் முதலாவது ஒருமுறை தாமதித்தாலும் கணினி இரண்டாவதற்குத் தாவி, சில வேளைகளில் அங்கேயே தங்கிவிடும். பொதுச் சர்வருக்கு உள் பெயர்கள் தெரியாது. ‘இல்லை’ என்று அது சொன்னதும் கணினி அதையே இறுதிப் பதிலாக ஏற்றுக்கொள்ளும். காலையில் திறந்த அஞ்சல்பெட்டி மாலையில் திறக்காமல் போவதற்கும், பக்கத்து மேசையில் மட்டும் எல்லாம் சரியாக இயங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். மாற்று ஏற்பாடு வேண்டுமானால், அதே ஸோன்களை (டொமைன் பதிவுத் தொகுப்புகளை) வைத்திருக்கும் இன்னொரு உள் சர்வரையே அமைக்க வேண்டும்.

ஸோன் கோப்பில் முழுப் பெயரின் இறுதிப் புள்ளியை விட்டுவிட்டால், ‘மெயில்.எக்சாம்பிள்.காம்’ என்பது ‘மெயில்.எக்சாம்பிள்.காம்.எக்சாம்பிள்.காம்’ ஆகிவிடும். கோப்பு மாறியதைக் காட்டும் சீரியல் எண்ணைக் கூட்டாமல் சேமித்தால் துணைச் சர்வர் பழைய பதிவுகளையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு முறை சரியாகவும் மறு முறை தவறாகவும் பதில் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வர் பெறும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவில் ஐபி முகவரியையோ, சிநேம் என்னும் மாற்றுப்பெயரையோ இடக்கூடாது. நேரடி முகவரிப் பதிவுள்ள பெயரே அங்கு வர வேண்டும். எம்எக்ஸ் பதிவுகளில் சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வோரும் உண்டு.

அஞ்சல் வந்து சேர்கிறது, ஆனால் வெளியே போகவில்லை என்றால் எம்எக்ஸைக் குடைவது வீண். அனுப்பும் ஐபி முகவரிக்குரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவைப் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் அது நம் ஸோனில் இல்லாமல் இணையச் சேவை தருபவரின் கையில் இருப்பதால், அவரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே இருக்க வேண்டும். புதிய சேவை சேரும்போது இரண்டாவது பதிவை எழுதினால், பெறும் சர்வர் அதைப் பிழை என்றே முடிவுசெய்யும். அந்தப் பதிவைச் சரிபார்க்கும்போது அனுமதிக்கப்படும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக்கூடாது. ஃபயர்வாலில் டிஎன்எஸ்ஸுக்கான போர்ட் 53-க்கு, யுடிபி, டிசிபி என்னும் இரு அனுப்பு முறைகளில் யுடிபியை மட்டும் திறந்து டிசிபியை மூடிவைத்தால், அஞ்சலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் நீளமான டிகேஐஎம் சாவிகள் போன்ற பெரிய பதில்கள் வந்து சேராமல் போகலாம்.

இறுதிச் சோதனையை உள்ளிருந்தே முடித்துவிடுவதும் தவறு. உள் முகவரிகளை நம்பும்படி அமைந்த சர்வர், வெளியாருக்காகவும் எவருக்கும் அஞ்சல் கடத்துகிறதா என்பதை வெளியிலுள்ள ஓர் இணைப்பிலிருந்து சோதித்தால்தான் தெரியும்.