பெட்ரோல் வழியும் கார்புரேட்டர்: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வாங்கியவர்கள் பானெட்டைத் திறந்ததும் செய்கிற வேலைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. நானும் அந்த வழியாக வந்தவன்தான் என்பதால் சிரிப்பு. பெட்ரோல் சொட்டும் இடத்தில் சிகரெட் கூடாது என்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

மிதவையின் நாக்கை வளைப்பது

இன்றுவரை என்னால் பொறுக்க முடியாத தவறு இது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதன் கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, நாக்கு எனப்படும் தன் சிறு தகட்டால் ஊசி வால்வைத் தள்ளி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அது அடையாமல் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிறது. உடனே மூடியைக் கழற்றி, மிதவையின் நாக்கைக் குறடால் சற்றே வளைத்து, பெட்ரோல் மட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வழிவது நின்றாலும் நின்றுவிடும். அதுதான் ஆபத்து.

நேற்றுவரை சரியாக இருந்த நாக்கு இரவோடு இரவாகத் தானே வளைந்துகொள்ளுமா? மட்டம் ஏறியது என்றால் வேறு ஏதோ கெட்டிருக்கிறது. டேங்கிலிருந்து வந்த துருத்தூள் ஊசி வால்வின் வாயில் சிக்கியிருக்கலாம். ஊசியின் கூம்பு தேய்ந்து வளையம் விழுந்திருக்கலாம். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டும். பித்தளை மிதவை ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். காதருகே குலுக்கினால் சளசளவென்று கேட்கும். வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷர் விரிசல் விட்டிருந்தால், ஊசி எவ்வளவு இறுக மூடினாலும் மரை வழியாகப் பெட்ரோல் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

மேட்டில் இழுக்கவில்லை என்று ஒரு இளைஞர் காரைக் கொண்டுவந்தார். ஸ்பார்க் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் புதிது போட்டிருந்தார். மூடியைத் திறந்தால் நாக்கு கோணல்மாணலாக நிற்கிறது. பெட்ரோல் மட்டம் அடியில் கிடக்கிறது. எஞ்சினுக்கு முழுப் பெட்ரோல் தேவைப்படும் நேரத்தில் ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைக்கு, போதவில்லை. முதலில் வழிந்ததற்குக் காரணம், விரிசல் விட்ட அந்த வாஷர். அற்பக் காசு! நாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அளக்கும்போது மூடியைச் செங்குத்தாகப் பிடிப்பதா, கவிழ்ப்பதா, கேஸ்கெட்டோடு அளப்பதா, இல்லாமலா என்பதுகூட கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் மாறும். அந்த மாடலின் மேனுவல் கையில் இல்லாமல் நாக்கைத் தொடவே தொடாதீர்கள்.

பம்ப்பின் அழுத்தத்தை மறப்பது

எலக்ட்ரிக் பம்ப் மாட்டிய பிறகு வழிய ஆரம்பித்தால் கார்புரேட்டரைத் திட்டாதீர்கள். பழைய கார்புரேட்டர்கள் பலவற்றுக்கு சுமார் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தமே போதும். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் காரின் பம்ப்பைக் கொண்டுவந்து பொருத்தினால் எந்த ஊசியும் தாங்காது.

மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுவது

வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் கலவையைச் சரிசெய்யும் திருகு அது. வழிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜெட்டைக் கம்பியால் குத்துவது

துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும்.

ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது

பெட்ரோலில் மூழ்கிய எஞ்சின் கிளம்பவில்லை என்று மிதிக்க மிதிக்க, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். சோக்கை (காற்றைக் குறைக்கும் குமிழை) முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, பெடலை அடிவரை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று புகுந்து உலர்த்தும்.

ஆயிலைப் பார்க்காமல் ஓட்டுவது

வழிந்த பெட்ரோல் தரையில் மட்டும் விழுவதில்லை. சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலிலும் இறங்குகிறது. டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை) எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ, ஆயிலை மாற்றும்வரை எஞ்சினை ஓடவிடாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில் முதலில் தேய்வது பேரிங். அதை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும்.