பெரிய தாய்லாந்து உணவகத்தில் முதல் சாப்பாடு: ஆர்டர் செய்வது முதல் பில் வரை

சென்னையில் தாய்லாந்துச் சாப்பாடு என்றால் பலருக்கும் ஆப்பில் வரவழைத்த கிரீன் கறிதான். அதே சாப்பாட்டை ஒரு பெரிய உணவகத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைக்கும்போதுதான் தயக்கம் வருகிறது. மெனுவில் பாதிப் பெயர் வாயில் நுழையாது. விலை மட்டும் நன்றாகவே புரியும். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பது இரண்டாம் கவலை. முதல் கவலை ஆர்டர்தான். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஆகவே இந்தப் பதிவில் ஆர்டருக்குத்தான் அதிக இடம்.

1. இடமும் நேரமும்

டி.டி.கே. சாலை பெஞ்சராங், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தி பார்க் ஓட்டலின் லோட்டஸ் இரண்டும் சென்னையில் தாய் உணவு என்றாலே நெடுங்காலமாக அடிபடும் பெயர்கள். இவை தவிர, ‘பான் ஏசியன்’ என்ற பலகையோடு சீனம், ஜப்பான், தாய்லாந்து மூன்றையும் ஒரே மெனுவில் வைத்திருக்கும் இடங்கள் நிறைய. முதல் தடவை போகிறவர்கள் மெனுவை முன்பே ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். தாய் உணவுக்கு ஒரே ஒரு பக்கம், அதிலும் இரண்டு கறி, ஒரு நூடுல்ஸ் மட்டும் இருந்தால் வேறு இடம் தேடுவது நல்லது.

சனி, ஞாயிறு இரவு என்றால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். போனில் பேசும்போதே எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சைவம், யாருக்காவது வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பஃபே வேண்டாம் என்பது என் கருத்து. நூடுல்ஸ் சூட்டுப் பாத்திரத்தில் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், பப்பாளி சாலட் நீர்விட்டுவிடும். வார நாள் மதியத்தில் ‘செட் லஞ்ச்’ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், குறைந்த செலவில் பழகிக்கொள்ள அதுவே நல்ல வழி.

உடை விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். சுத்தமான சட்டை, பேன்ட், சுடிதார், புடவை எதுவும் சரி. ஷார்ட்ஸும் ரப்பர் செருப்பும் மட்டும் வேண்டாம். வேட்டியா? தாராளமாக. கிளப் ஒன்றில் வேட்டிக்கு அனுமதி மறுத்த சர்ச்சைக்குப் பிறகு, 2014இல் சட்டசபையில் அதற்கென்று ஒரு சட்டமே போட்ட மாநிலம் இது.

2. சைவமா? உட்கார்ந்ததும் கேட்க வேண்டியவை

மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தாய் சமையலில் உப்பு பெரும்பாலும் மீன் சாஸ் வழியாகத்தான் உள்ளே வரும். கறிக்கான விழுதில் இறால் விழுதையும் சேர்த்து அரைப்பார்கள். வாணலியில் வதக்கும் கீரை, காய்களில் ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பி சாஸ் விழும். பாட் தாய் என்ற வதக்கிய அரிசி நூடுல்ஸில் காய்ந்த இறாலும் முட்டையும் வழக்கம். ஆக, ‘வெஜிடபிள்’ என்று பெயரில் இருந்தாலும் காய் மட்டுமே சைவமாக இருக்கலாம், குழம்பு சைவமாக இல்லாமல் போகலாம்.

சென்னையில் சைவ வாடிக்கையாளர்கள் அதிகம் என்பதால் பெரிய உணவகங்களில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பொதுவாக “இது வெஜ்ஜா?” என்று கேட்காமல், குறிப்பாகக் கேளுங்கள்:

“கறி பேஸ்ட்ல இறால் சேர்த்திருக்கா? ஃபிஷ் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ் இல்லாம சோயா சாஸ் போட்டு செஞ்சு தர முடியுமா? முட்டையும் வேண்டாம்.”

கொண்டு வருபவருக்குத் தெரியவில்லை என்றால், “கிச்சன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்” என்று சொல்லலாம். பரிமாறுகிறவர்களில் வெளிமாநிலத்துக்காரர்கள் அதிகம். தமிழ் புரியாதவராக இருந்தால் அதையே ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லுங்கள். இறால் விழுது இல்லாத கறி விழுது தனியாக இருக்கிறது என்று பதில் வந்தால் கவலையில்லாமல் கறி சொல்லலாம். தயங்கிய பதில் வந்தால் கறியை விட்டுவிட்டு, அப்போதைக்கப்போது வதக்கித் தரும் டோஃபு, காளான், காய் வகைகளுக்குப் போய்விடுங்கள். அவற்றில் எந்த சாஸ் போடுவது என்பது வாணலி அடுப்பில் ஏறும்போதுதான் முடிவாகிறது, மாற்றுவது சுலபம்.

வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாட்டே என்ற குச்சியில் சுட்ட இறைச்சிக்குத் தரும் சாஸ், மஸமன் கறி, பாட் தாய், பப்பாளி சாலட் எல்லாவற்றிலும் வேர்க்கடலை உண்டு. பனாங் கறி விழுதிலும் சேர்ப்பதுண்டு.

3. ஆர்டர்

நம் ஊரில் பொதுவாக நடப்பது இது: ஆளுக்கு ஒரு சூப், இரண்டு மூன்று பொரித்த ஸ்டார்ட்டர், அதிலேயே பாதி வயிறு நிறைந்த பிறகு ஒரு கிரீன் கறி, ஒரு ஃப்ரைடு ரைஸ், ஒரு நூடுல்ஸ். கடைசியில் பாதி மிச்சம். சமைத்தவர்மேல் குற்றமில்லை. சீன உணவகத்தில் பழகிய வரிசையை அப்படியே இங்கே கொண்டு வந்துவிடுகிறோம்.

தாய்லாந்தில் மேசையின் நடுவில் எல்லாம் ஒன்றாக வரும், எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள், ஒவ்வொருவர் தட்டிலும் வெறும் சோறு இருக்கும். வாழை இலையில் சோற்றைச் சுற்றிக் குழம்பு, கூட்டு, பொரியல் வைக்கும் கணக்குதான். சூப்கூட முதலில் தனியாகக் குடித்து முடிப்பதற்கானது அல்ல. சோற்றோடு இடையிடையே குடிப்பது. புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் நான்கும் மேசையில் எங்காவது இருக்க வேண்டும், ஒரே தட்டில் இருக்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்து மெனுவைத் திறந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நான்கு பேர் போனால் நான் சொல்வது: ஒரு சூப், ஒரு சாலட், ஒரு கறி, ஒரு வதக்கல், முடிந்தால் ஒரு மீன் அல்லது டோஃபு, சாதம் இரண்டு கிண்ணம். குறைந்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பேர் என்றால் ஒரு சாலட், ஒரு கறி, ஒரு வதக்கல், ஒரு கிண்ணம் சாதம் போதும். “எல்லாத்தையும் ஒண்ணா கொண்டு வந்துடுங்க” என்று மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சூப், ஸ்டார்ட்டர், மெயின் என்று பிரித்துத்தான் வரும்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது.

சூப்பில் டாம் யம் புளிப்பும் காரமும். இறால் போட்ட டாம் யம் குங்கை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. டாம் கா தேங்காய்ப்பால் சேர்த்தது, மென்மையானது. ஏற்கெனவே தேங்காய்ப்பால் கறி ஒன்று சொல்லப்போகிறீர்கள் என்றால் டாம் யம் எடுங்கள், இரண்டும் தேங்காய்ப்பாலாக இருந்தால் திகட்டும். ஆளுக்கொரு சூப் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் இருந்தால் நம்மூர் ‘ஒன் பை டூ’ இங்கேயும் செல்லும். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சாலட்டில் சோம் தாம், அதாவது பச்சைப் பப்பாளியைச் சீவி, உரலில் மிளகாய், பூண்டு, எலுமிச்சை, பனை வெல்லத்தோடு இடித்துத் தருவது. வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் அன்றாட உணவு. இதை விட்டுவிடாதீர்கள். தேங்காய்ப்பால் கறிக்கு நடுவில் வாயைச் சுத்தமாக்குவது இதுதான்.

கறியில் பச்சைதான் பெரும்பாலும் காரம் அதிகம், பச்சை மிளகாயில் அரைப்பதால். நிறத்தைப் பார்த்து சிவப்பை அஞ்ச வேண்டாம். பனாங் கெட்டியானது, கொஞ்சம் இனிப்பு. மஸமனில் பட்டை, ஏலக்காய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் உண்டு. முஸ்லிம் வணிகர்களின் சமையல் தாக்கத்தில் பிறந்தது. வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால் கண்ணை மூடிக்கொண்டு மஸமன் சொல்லுங்கள், “குருமா மாதிரி இருக்கே” என்று சாப்பிட்டுவிடுவார்கள்.

வதக்கலில் என் ஓட்டு பாட் கிரபாவுக்கு. கொத்துக்கறியோ கோழியோ டோஃபுவோ, மிளகாயும் பூண்டும் போட்டு பெரிய தீயில் வதக்கி, கடைசியில் ஒரு கை இலை போடுவார்கள். அந்த இலை வேறெதுவும் இல்லை, நம் துளசி இனம்தான். பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு வாங்குவதைக் கோழியோடு சாப்பிடுவதா என்று சங்கடப்படுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கிரீன் கறியில் போடுவது வேறு, அது திருநீற்றுப்பச்சை வகை.

சோறு என்றால் வெறும் ஜாஸ்மின் ரைஸ். ஃப்ரைடு ரைஸின் மேல் கறி ஊற்றுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். இரண்டிலும் உப்பும் எண்ணெயும் இருப்பதால் எதன் ருசியும் தெரியாது. ஃப்ரைடு ரைஸும் பாட் தாயும் தனியாகச் சாப்பிட வேண்டிய ஒரு தட்டுச் சாப்பாடு. பாட் தாய் அப்படியொன்றும் பழங்காலத்து உணவும் இல்லை. பிபூன் சொங்க்ராம் பிரதமராக இருந்த 1938-44 காலத்தில் அரசே ஊக்குவித்துப் பரப்பியது. குழந்தைகள் இருந்தால் ஒரு தட்டு சொல்லுங்கள், புளியும் வெல்லமும் சேர்ந்த அந்த ருசி அவர்களுக்குப் பிடிக்கும்.

4. காரம் எவ்வளவு?

“நாங்க ஆந்திரா மெஸ்ல சாப்பிடுற ஆளுங்க” என்று வீரம் பேச வேண்டாம். நம் காரம் பெரும்பாலும் வறுத்து அரைத்த மிளகாய், எண்ணெயில் வெந்து மெதுவாக ஏறும். சோம் தாமில் போடுவது காந்தாரி அளவே இருக்கும் சின்ன மிளகாய், அதுவும் பச்சையாக. இடித்த உடனே வாய்க்கு வருவதால் நேராகத் தாக்கும். முதல் தடவை ‘மீடியம்’ சொல்லுங்கள். போதவில்லை என்றால் மிளகாய்த்தூளோ மிளகாய் ஊறவைத்த வினிகரோ கேட்டால் தருவார்கள். கூடிவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள், மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் வெறும் சோறோ தேங்காய்ப்பால் கறியோ சாப்பிடுங்கள்.

5. சாப்பிடும் முறை

ஸ்பூன் வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்கரண்டி உணவை ஸ்பூனுக்குத் தள்ளுவதற்கு மட்டும், வாய்க்குப் போவது ஸ்பூன்தான். குச்சி வேண்டும் என்று கேட்பவர்கள் கவனிக்க: தாய்லாந்தில் சோற்றுக்குக் குச்சி கிடையாது, நூடுல்ஸ் சூப்புக்குத்தான். பிசுபிசுப்பான ஸ்டிக்கி ரைஸை அங்கே கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள், நீங்களும் அப்படியே செய்யலாம்.

தட்டில் முதலில் சோறு. பிறகு பொதுக் கிண்ணத்திலிருந்து ஒரு வகையில் ஒன்றிரண்டு ஸ்பூன், அது முடிந்ததும் அடுத்தது. எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுக் கலந்துவிட்டால் நான்கு ருசி சேர்ந்து ஒரு குழப்பமாகிவிடும்.

டாம் யம்மில் மிதக்கும் எலுமிச்சைப் புல் தண்டு, பேரரத்தைத் துண்டு, கஃபிர் எலுமிச்சை இலை மூன்றும் வாசனைக்கு. ஒதுக்கி வையுங்கள். கோழியைச் சுற்றி வரும் பாண்டன் இலையும் அப்படியே, பிரித்துவிட்டு உள்ளே இருப்பதைச் சாப்பிடுங்கள்.

6. குடிக்க, இனிப்புக்கு

சங்குப்பூ டீ இருந்தால் ஒன்று சொல்லிப் பாருங்கள். நீலமாக வரும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். தண்ணீர் கேட்கும்போது பாட்டிலா, ரெகுலரா என்பார்கள். ரெகுலர் என்றால் தனிக் காசு கிடையாது. மது நட்சத்திர ஓட்டல்களில் கிடைக்கும், தனி உணவகங்களில் பெரும்பாலும் இருக்காது.

இனிப்பில் மாம்பழ ஸ்டிக்கி ரைஸ். ஏப்ரல் முதல் ஜூன் வரை, நம் மாம்பழம் வரும் காலத்தில் சாப்பிட வேண்டியது. மற்ற மாதங்களில் என்ன மாம்பழம் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். டின் மாம்பழம் என்றால் தேங்காய் ஐஸ்கிரீமுக்குப் போய்விடலாம்.

7. பில்

தனி உணவகம் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். மெனு விலையை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கடைசியில் முழிக்க வேண்டியிருக்கும், 3,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் 150 ரூபாயும் இன்னொரு இடத்தில் 540 ரூபாயும் வரி.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தால், அது அரசு வரி இல்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. “சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க” என்று அமைதியாகச் சொன்னால் போதும். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. டிப்ஸ் உங்கள் இஷ்டம். சமையலறைக்கு உங்களுக்காக இரண்டு மூன்று தடவை நடந்தவர் என்றால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மிச்சத்தைப் பார்சல் கேட்கலாம், எந்தப் பெரிய இடமும் மறுக்காது. கறியும் சாதமும் வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகச் சுட வைத்தால் ருசியாகவே இருக்கும். சோம் தாமையும் பாட் தாயையும் மட்டும் அங்கேயே முடித்துவிடுங்கள்.